பொய் சொல்லா மாணிக்கமும் சிலுவைராஜும்

(காரைக்குடியில் தமிழ் முதுகலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் தமிழ் படிக்கிறவர்களுக்கு வ.சுப. மாணிக்கனாரின் கதை தெரிந்திருக்கும். 1917இல் மேலைச்சிவபுரியில் பிறந்தவர். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்தார். பர்மாவுக்குப் போய் ரங்கூனில் வட்டிக்கடைப் பையனாக வேலை பார்த்தார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். மறுத்தார், வேலை போயிற்று, ஊர் திரும்பினார். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் ஆகி, இங்கே அழகப்பா கல்லூரியில் பேராசிரியர், முதல்வர். கடைசியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

அந்த நேர்மையை நான் குறைத்துப் பேசவில்லை. சோற்றை இழந்து உண்மை பேசிய சிறுவன் அவர். ஆனால் திரும்பி வந்த பையனுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. பண்டிதமணி 1909இலேயே மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைத் தொடங்கியிருந்தார். பண்டிதமணியே பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. பள்ளி இல்லாமலும் தமிழ் கிடைத்த உலகம் அது. யாருக்கு?

மாணிக்கனார் பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த 1930 டிசம்பரில், இதே பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்க நகை கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. மிராசுதார்களின் மாடு மேய்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார்.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று கேட்டால், "மாடு மேய்க்கப் போயிட்டேன்" என்பார். சாகும்வரை சட்டை போட்டதில்லை. வெக்கை என்பார்.

இன்னொரு தமிழ் ஆசிரியர் ராஜ் கௌதமன். 1950இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தார். எழுத்தாளர் பாமா அவருடைய தங்கை. தலித் கிறித்தவக் குடும்பம். இளங்கலையில் படித்தது விலங்கியல். தமிழுக்குப் பிறகுதான் வந்தார். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, 2024 நவம்பரில் மறைந்தார். அவருடைய தன்வரலாற்று நாவலான 'சிலுவைராஜ் சரித்திர'த்தைப் படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். தன்னையே கேலி செய்துகொண்டு எழுதுகிறார். பல இடங்களில் சிரிப்பு வரும். அதில் சிலுவைராஜ் நிறையப் படித்தும் வேலையில்லாமல் அலைந்து, கடைசியில் வேலைக்காக இந்துவாக மதம் மாறுகிறான்.

ஏன் மாற வேண்டும்? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. சேரியில் குடியிருக்கும்போது சாதி ஒட்டிக்கொண்டிருக்கும், தாலுகா ஆபீசில் மட்டும் அது இல்லாமல் போய்விடும்.

ரங்கூனில் ஒருவரைப் பொய் சொல்லச் சொன்னார்கள், மறுக்க முடிந்தது. சிலுவைராஜிடம் பொய் கேட்டது அரசாங்கமே. மறுத்துத் திரும்பிப் போக அவனுக்கு எந்தச் சபையும் இல்லை. நேர்மைக் கதை என்று பாடப்புத்தகத்தில் முதலாவதைச் சொல்லலாம். இரண்டாவதை என்னவென்று சொல்வீர்கள்?

மாணிக்கனார் அகத்திணையைக் காதலின் கொள்கையாகப் படித்தார். ராஜ் கௌதமன் அதே சங்கப் பாட்டையும் தொல்காப்பியத்தையும் எடுத்து, இந்தச் சமூகம் யார் உழைப்பில், யார் அதிகாரத்தில் உருவாயிற்று என்று கேட்டார். உங்கள் பாடத்திட்டத்தில் முதல் வாசிப்புக்கு எத்தனை மணி நேரம், இரண்டாவதற்கு எத்தனை மணி நேரம் என்று நாளைக்கு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பம் போடப்போகிற கிறித்தவத் தோழர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சான்றிதழ் விஷயமாகக் கொஞ்சம் பேச வேண்டும்.