ஏவ்பரிக் கல்வட்டம்

இங்கிலாந்தின் தொல்பழங் கற்களைப் பற்றிப் பேச்செழுந்தால், முதலிற் சொல்லப்படும் பெயர் ஸ்ரோன்ஹெஞ்ச் என்பதே. பாடநூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் நிலையான இடம் பெற்றுவிட்டது அது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தொலைவில், அதே வில்ற்சயர் மாவட்டத்தில், ஏவ்பரி என்றொரு சிற்றூர் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் அவ்வூரில் இருக்கின்றது என்பதிலும், அவ்வூரின் ஒரு பகுதி அக்கல்வட்டத்தினுள் இருக்கின்றது என்பதே பொருத்தம். வீடுகளும், ஒரு மதுச்சாலையும், வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலையும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. கற்களுக்கும் ஊரவர்க்கும் இடையே எழுநூறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கே இவ்விடத்தின் உண்மை வரலாறு எனலாம்.

வட்டத்தைச் சூழ்ந்து பெரியதொரு மண்ணணையும், அதன் உட்புறமாக ஓர் அகழியும் உள்ளன. அணையின் குறுக்களவு சுமார் 420 மீற்றர். அகழியோ வெட்டப்பட்ட காலத்தில் 9 மீற்றர் வரை ஆழமுடையதாய் இருந்தது. இன்று பெரும்பகுதி தூர்ந்துவிட்டது. கி.மு. 2600 ஆம் ஆண்டை அண்டி இப்பணியைச் செய்தவர்களிடம் இரும்பு இல்லை. ஆண்மானின் கிளைக்கொம்பைக் கொண்டே சுண்ணப் பாறையை அவர்கள் குடைந்தெடுத்தனர். கற்கள் சார்சன் எனப்படும் வன்மையான மணற்கல் வகையின. ஸ்ரோன்ஹெஞ்சில் உள்ளவை போல் இவை செதுக்கப்படவில்லை. அயல் மேட்டுநிலத்திற் கிடந்த வடிவிலேயே இழுத்துவந்து நிறுத்தப்பட்டன. சில 40 தொன்னுக்கும் மேற்பட்ட நிறையுடையன. வெளிவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ நூறு கற்கள் இருந்தன. உள்ளே இரு சிறுவட்டங்கள் வேறு. எதற்காக நிறுத்தினர் என்று கேட்டால், அந்நாட்டில் எழுத்தே தோன்றாத காலம் அது என்பதுதான் விடை.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊரவர் இக்கற்களிற் பலவற்றைச் சாய்த்துக் குழியிட்டுப் புதைத்தனர். பழைய சமயத்தின் சின்னங்கள் எனத் திருச்சபை வெறுத்ததாலா, உழவுக்கு இடம் வேண்டியா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. 1938 இல் அவ்வாறு புதைக்கப்பட்ட ஒரு கல்லை அகழ்ந்தபோது, அதனருகே ஒரு மனிதனின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. அவனுடன் ஒரு கத்தரிக்கோலும், சத்திரவைத்தியக் கருவியொன்றும், 1320 முதல் 1325 வரையிலான காலத்தைச் சேர்ந்த நாணயங்களும் இருந்தன. ஊர்களில் மயிர்வினையும் வைத்தியமும் செய்து திரிந்த ஒருவன், கல்லைச் சாய்க்க உதவப்போய் அதன் கீழ் அகப்பட்டான் என்று கதை பரவிற்று. இலண்டனுக்கு அனுப்பப்பட்ட அவ்வெலும்புக்கூடு 1941 ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்ததாகவே பலரும் நம்பினர். ஆனால் 1990-களின் இறுதியில் அது வேறோர் அரும்பொருட்சாலையிற் பத்திரமாயிருக்கக் கண்டனர். மீண்டும் ஆராய்ந்தபோது, கல்லால் நசுக்குண்டதற்கான அடையாளம் அதிற் புலப்படவில்லை. இறந்தபின் அங்கு இடப்பட்டவனாகலாம் என இப்போது கருதுகின்றனர். அழகிய கதைகளுக்கு எலும்புகள் எப்போதும் ஒத்துழைப்பதில்லை.

புதைத்தவர்களால் கற்களுக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. மண் அவற்றைக் காத்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வந்தவர்களோ அவற்றை உடைத்தனர். 1649 இல் வேட்டைக்குச் சென்ற யோன் ஓப்ரி என்பார் இவ்விடத்தைக் கண்டு வியந்து உலகுக்கு அறிவித்தார். அரசர் இரண்டாம் சாள்சும் 1663 இல் வந்து பார்த்தார். ஆயினும் உடைப்பு நிற்கவில்லை. வில்லியம் ஸ்ரூக்லி என்னும் மருத்துவர் 1719 தொடக்கம் ஆண்டுதோறும் வந்து அதனை நேரிற் கண்டெழுதினார். கல்லருகே குழி தோண்டி, வைக்கோலையும் விறகையும் இட்டு, கல்லை அதன்மேற் சாய்த்துத் தீ மூட்டுவர். கல் நன்கு காய்ந்ததும் குளிர்ந்த நீரைக் கோடாக ஊற்றி, அக்கோட்டின்மேற் சம்மட்டியால் அடிப்பர், பாறை பிளந்துவிடும். தொம் றொபின்சன் என்பவன் இத்தொழிலிற் பேர்போனவன். உடைந்த துண்டுகள் வீட்டுச் சுவர்களாயின; அவ்வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.

அவர்களை அறிவிலிகள் என இகழ்வது எளிது. சுண்ணநிலத்தில் வீடு கட்ட உறுதியான கல் அரிது. வயல் நடுவே நிற்கும் பாறை ஏருக்கும் இடையூறு. ஸ்ரூக்லி கூடத் தவறாதவர் அல்லர். இவ்வட்டம் துரூயிதுப் பூசகரின் கோயில் என்று 1743 இல் வெளிவந்த நூலில் அவர் சாதித்தார். அப்பூசகர் காலமோ இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிற்பட்டது. ஆனாற் பிழையான கொள்கையை உடையவர் எடுத்த அளவுகள் பிழையற்றவையாய் இருக்கலாம். மறைந்த கற்கள் நின்ற இடங்களை அறிய அவர் வரைந்த படங்களே இன்றும் துணைசெய்கின்றன.

1871 இல் வட்டத்தினுள் புதிய வீடுகள் எழவிருந்த வேளையில், வங்கியாளரும் அறிஞருமான யோன் லபக் அந்நிலத்தை விலைக்கு வாங்கித் தடுத்தார். பிரித்தானியாவின் முதலாவது தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882 இல் நிறைவேறியதும் அவர் முயற்சியாலேயே. அடுத்து வந்தவர் அலெக்சாந்தர் கெயிலர். தோடம்பழ மாமலேட் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தின் வாரிசு. அவர் இவ்வயலுக்கு வந்த காரணம் வானொலி நேயர்க்குச் சுவையானது. அண்மையிலுள்ள காற்றாடிக் குன்றில் மார்க்கோனி நிறுவனம் கம்பியில்லாத் தந்திக் கோபுரம் அமைக்க எண்ணியிருந்தது. தொல்குடியினர் சுவடுள்ள அக்குன்றைக் காக்கும்பொருட்டு 1924 இல் அதனை அவரே வாங்கிவிட்டார்.

1937 முதல் 1939 வரை கெயிலர் வட்டத்தின் மேற்பாதியை அகழ்ந்து, புதைந்த கற்களை எடுத்து அவற்றின் பழைய குழிகளிலேயே நிறுத்தினார். உடைந்தழிந்தவை நின்ற இடங்களில் சிறு கொங்கிறீற்றுத் தூண்களை நட்டார். இன்று காண்போர் வியக்கும் காட்சி பெரும்பாலும் அவருடைய கைவண்ணமே. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர். கற்களை மறைத்து நின்ற குடிசைகளும் களஞ்சியங்களும் இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் வட்டத்துக்கு வெளியே, ஏவ்பரி திரஸ்லோவில் எழுந்த புதுமனைகளுக்குப் பெயர்ந்தனர். முன்னோர் கல்லை உடைத்து வீடாக்கினர். இவரோ வீட்டை உடைத்துக் கல்லுக்கு இடந்தந்தார். பின்னதை நாகரிகம் என்றே உலகம் அழைக்கின்றது. தலைமுறையாகக் குடியிருந்த அடுப்படியை விட்டுச் சென்றவர் அதனை எவ்வாறு அழைத்தனரோ!

போர் மூண்டதும் பணி நின்றது. 1943 இல் கெயிலர் தம் நிலத்தைத் தேசிய நம்பிக்கை நிதியத்துக்கு 12,000 பவுணுக்கு விற்றார். எஞ்சிய வீடுகளையும் அகற்றும் எண்ணம் சிலகாலம் நிலவிப் பின் கைவிடப்பட்டது. 1986 இல் ஏவ்பரியும் ஸ்ரோன்ஹெஞ்சும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கெயிலர் தொடாத கிழக்குப் பாதியின் நிலத்தடியை 2003 இல் மின்கருவிகளால் ஆராய்ந்தனர். அங்கும் பெருங்கற்கள் புதைந்து கிடப்பதும், அவற்றின் அளவும் கிடைநிலையும் தெரியவந்தன. அவற்றை எடுத்து நிறுத்தாமல் கிடந்தபடியே விட்டிருக்கின்றனர். மேலே செம்மறிகள் மேய்கின்றன.