ஜொய்ஸ் எழுந்துபோன பந்தி



1904ஆம் ஆண்டு ஜூன் மாதம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், கடலோரச் சாண்டிமவுண்ட் பகுதியில், முந்திய ஆண்டு மணம் முடித்த ஒரு சோடி குடியிருந்தது. கணவர் ஜேம்ஸ் கஸின்ஸ் கவிஞர், நாடகக்காரர். மனைவி மார்கரெட் இசையில் பட்டம் பெற்றவர். இருவரும் புலால் தொடாதவர்கள். தங்க இடமில்லாமல் அலைந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை அவர்கள் வீட்டில் சேர்த்துச் சாப்பாடு போட்டார்கள். அவர்தான் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜொய்ஸ். ஒன்றிரண்டு இரவுகளுக்கு மேல் அவர் அங்கே தங்கவில்லை. அந்த மரக்கறிச் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று குறை சொல்லி வெளியேறினார். அதோடும் விடவில்லை. 1912இல் எழுதிய ஒரு வசைக்கவிதையில், கஸின்ஸின் பாட்டைப் படித்தால் நெஞ்செரிவு வரும் என்று கேலி செய்தார்.

உலக இலக்கிய வரலாறு கஸின்ஸ் தம்பதியை இந்த இடத்தில் விட்டுவிட்டு ஜொய்ஸின் பின்னால் போய்விடுகிறது. தமிழர் அப்படிப் போய்விடக் கூடாது. ஏனென்றால் அந்தச் சாப்பாட்டு மேசைக்காரர்கள் பின்னர் வந்து சேர்ந்தது சென்னைக்கு.

1915இல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அழைத்து இருவரும் அடையாறுக்கு வந்தார்கள். ஜேம்ஸ், பெசன்டின் 'நியூ இந்தியா' நாளிதழில் வேலை பார்த்தார். 1916இல் டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்தபோது அதன் தலைவர்களைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போனது. பிறகு மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியரானார். மார்கரெட் 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். 1919இல் தாகூர் மதனப்பள்ளியில் வந்து தங்கி 'ஜன கண மன' பாடிக் காட்டியபோது அதன் மெட்டை இசைக்குறிப்பில் எழுதியவரும் மார்கரெட்டே. 1932இல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர்ச் சிறைக்குப் போனார். டப்ளினில் நையாண்டிக்கு ஆளான மரக்கறிச் சாப்பாடு தென்னிந்தியாவில் எத்தனையோ வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. ஜேம்ஸும் மார்கரெட்டும் அந்த மண்ணிலேயே வாழ்ந்து முடித்தார்கள். ஒரு பசித்த கலைஞனுக்குக் கதவு திறந்தவர்கள் என்பதற்காகவே அவர்கள் பெயரை நாம் மரியாதையோடு சொல்ல வேண்டும்.

ஜொய்ஸுக்கும் பிறகு விருந்தோம்பல் பற்றி ஓர் உறுத்தல் வந்தது. நாடு விட்டு வெளியே வாழ்ந்த அவர் 1906இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், தன் கதைகளில் அயர்லாந்தின் விருந்தோம்பலைக் காட்டத் தவறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த ஆண்டே 'த டெட்' என்ற நீண்ட கதை பிறந்தது. வயதான இரண்டு சகோதரிகள் தங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வைக்கும் விருந்துதான் அந்தக் கதை. மேசையின் ஒரு முனையில் வாத்து, மறுமுனையில் பன்றித்தொடை, நடுவே ஜெலி, அத்திப்பழம், சொக்கலேட். வெள்ளைத் துணியில் சுற்றிய சூடான அவித்த உருளைக்கிழங்கை வேலைக்காரப் பெண் லிலி ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு வைக்கிறாள். பேச்சு எங்கெங்கோ போகிறது: முன்பு பாடிய பாடகர்கள் எப்படி, இன்றைய பாடகர்கள் எப்படி, மலை மடத்துத் துறவிகள் சவப்பெட்டியில் தூங்குவது உண்மையா. முன்னே வாக்குவாதம் செய்த ஒருத்தி சாப்பிடாமலே போய்விடுகிறாள். அந்தச் சகோதரிகளின் அக்கா மகன் கேப்ரியல் எழுந்து விருந்தோம்பலைப் போற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறான். ஜொய்ஸ் எழுதியவற்றில் பலர் உச்சமாகக் கொண்டாடும் கதை இது. இதில் கணிசமான பகுதி சாப்பாட்டு மேசையின் சாதாரணப் பேச்சுத்தான்!

அந்த உருளைக்கிழங்கைக் கவனியுங்கள். அந்த விருந்துக்கு அறுபது ஆண்டு முன்னால், 1845இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்கள் கருகல் நோயால் அழுகின. ஏழைகளுக்கு அதை விட்டால் வேறு உணவில்லை. பத்து லட்சம் பேர் செத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்திலும் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. சொந்த மண்ணில் விளைந்தது கண்ணெதிரே கப்பலேறிப் போவதைப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த அயர்லாந்துக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. அதே ஆண்டுகளில் கொழும்பில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் பெல்பாஸ்டில் பிறந்த ஐரிஷ்காரர், ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' ஒலியைக் கேட்டு உலகுக்கு எழுதியவர் அவரே. இன்னொரு தொடர்பும் உண்டு. உருளைக்கிழங்கைக் கொன்றது ஒரு பூஞ்சணமே என்று வாதிட்ட ஆங்கிலப் பாதிரியார் பெர்க்லியிடந்தான் 1869இல் பேராதனையிலிருந்து நோய்பட்ட கோப்பி இலைகள் போய்ச் சேர்ந்தன. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த பூஞ்சணத்துக்குப் பெயரிட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தோட்டங்களுக்காகத்தான் தமிழகத்திலிருந்து நம் சனங்கள் கடல் கடந்து, பிறகு கால்நடையாகக் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டு தீவுகளின் பசிக்கும் ஒரே ஆட்சி, ஒரே ஆய்வாளர்.

ஐரிஷ் கவிஞர் ஷீமஸ் ஹீனிக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. தாயும் மகனும் ஞாயிறு காலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவியதை, தாய் இறந்த பிறகு நினைத்து எழுதிய அவருடைய கவிதையைத்தான் 2015இல் ஐரிஷ் மக்கள் நூறாண்டின் விருப்பக் கவிதையாகத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு குசினி வேலைக்கு ஒரு நாடே கொடுத்த மரியாதை அது.

கடலை நம்பி வாழும் திருகோணமலையின் அயலிலே நின்று ஐரிஷ் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங்கைச் சொல்லாமல் இறங்க முடியாது. 1898 முதல் அயர்லாந்தின் அரன் தீவுகளுக்குப் போய் மீனவரோடு தங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதியவர் அவர். அவருடைய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகம் 1904இல் மேடையேறியது. ஒரு தாய். கணவனையும் ஐந்து ஆண்மக்களையும் கடல் கொண்டுபோய்விட்டது. கடைசி மகன் பார்ட்லி புறப்படுகிறான். மனம் நொந்த தாய் வாழ்த்துச் சொல்லவில்லை. சகோதரி சுட்ட ரொட்டியைக் கையில் கொடுத்துவிடவும் மறந்துவிட்டார்கள். ஊற்றடியில் போய் மறித்து ரொட்டியைக் கொடு, வாழ்த்து என்று மகள் தாயை அனுப்புகிறாள். கிழவி திரும்பி வருகிறாள், ரொட்டி கையிலேயே இருக்கிறது. மகனும் திரும்பவில்லை. பிறகு சவப்பெட்டி செய்ய வந்தவர்களிடம், புதிதாகச் சுட்ட ரொட்டி இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டு செய்யுங்கள் என்று மகள் சொல்கிறாள். கொடுக்கப்படாத ஒரு துண்டு ரொட்டியைக் கொண்டு ஒரு குலத்தின் துயரத்தைச் சொன்ன நாடகம் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த திருகோணமலைக் கரைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

நம்மிடமும் இது இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினம், சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞனை 'தோணி' கதையில் உயிரோடு நிறுத்தினார். அதற்கு வெகுகாலம் முன்பு, 1895இல், 'மோகனாங்கி' என்ற வரலாற்று நாவலைத் தந்தவர் திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை. எழுதத் தெரிந்த மாவட்டம் இது. ஆனால் இராச்சாப்பாட்டுப் பேச்சில் நாள்தோறும் வந்து போவது எவ்வளவு, எழுத்தில் ஏறியது எவ்வளவு?

திருகோணமலையின் பாலையூற்று வீடுகளில் பிட்டும் சொதியும் பரிமாறும்போது என்னென்ன பேச்சு எழுகிறது! 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் துறைமுகத்தில் குண்டு போட்டது பற்றித் தாத்தா சொன்னது. 1970களில் விடியமுன் பாண் கியூவில் நின்றது, அரிசி இல்லாத நாளில் மரவள்ளி அவித்தது. 1990இல் போரால் உலையை இறக்காமலே ஓடியது. இங்கே வாழும் பறங்கிக் குடும்பங்களில் முதியவர்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் பேசிக்கொண்டே நத்தாருக்கு லவ் கேக்குக்கு ரவை வறுத்தது. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். அந்தக் கேக்கின் செய்முறையோடு அதைச் செய்தபோது பேசிய பேச்சும் ஏட்டில் ஏற வேண்டும்.

டப்ளினில் 1954இல் எழுத்தாளர்கள் பட்ரிக் கவனாவும் பிளான் ஓ பிரையனும் வேறு சில நண்பர்களும் குதிரை வண்டி பிடித்து, ஜொய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் நாளான ஜூன் 16ஐக் கொண்டாடக் கிளம்பினார்கள். இன்று அந்த நாளில் நாவலின் நாயகன் சாப்பிட்ட காலைச் சாப்பாட்டைச் சமைத்து, அந்த நாவலை ஊரே படிக்கிறது. அதேபோல் வருகிற ஜூனில் இங்கும் ஒரு மாலை கூடலாம். சிங்கின் நாடகத்தைத் தமிழாக்கி ஒருவர் வாசிக்கட்டும், 'தோணி'யை இன்னொருவர் வாசிக்கட்டும். ஒவ்வொரு வீடும் தன் கறியைக் கொண்டு வரட்டும். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சாப்பிடட்டும். பதிவை எழுத்தாக்கும் பொறுப்பை உயர்தர வகுப்புத் தமிழ் மாணவர்கள் எடுக்கலாம். முதலில் வீட்டின் மூத்த அம்மம்மாவிடம் கேளுங்கள். பாண் கியூக் காலத்திலும் இடம்பெயர்ந்த காலத்திலும் கடல் ஏறிவந்த காலத்திலும் அடுப்பு மூட்டியவர் அவர்.