கேஸடியா வளையமும் மூன்று ஆட்சேபணைகளும்

(கிளையின் குடும்ப சங்கமத்தில், ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கூட்டங்களில் எனக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் தலைப்பு ஓய்வூதியம், உயில், வருமான வரி இவற்றில் ஒன்று. இம்முறை மகளிர் பிரிவினரும் இளைஞர்களும் சேர்ந்து, "பார்ட்டியில் பத்துப் பேர் பகிர்ந்து சாப்பிடுகிற மாதிரி கேஸடியா செய்வது எப்படி?" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கல்லூரியில் படித்தது ரசாயனம். ஓய்வு பெற்றபின் கற்றுக்கொண்டது சமையல். இரண்டையும் கலந்து பேச அனுமதி வேண்டுகிறேன்.

பெருநகரங்களில் நம் வீடுகளில் பேரன், பேத்தி பிறந்த நாள் என்றால் இப்போதெல்லாம் இரண்டு பந்தி. கூடத்தில் குழந்தைகளுக்குக் கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகள்; உள்ளறையில் தாத்தா பாட்டிக்குத் தயிர் சாதம். யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை. பெரியவர்கள் தாங்களாகவே ஒதுங்கி விடுகிறார்கள். காரணம் கேட்டால் மூன்று ஆட்சேபணைகள் வரும். "இது எந்த ஊர்ப் பண்டம், நமக்கு எதற்கு?" என்பது முதலாவது. "இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறதோ?" என்பது இரண்டாவது. "ஒரே தட்டில் ஆளாளுக்குக் கை வைத்தால் எச்சில் இல்லையா?" என்பது மூன்றாவது. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். ஆட்சேபணையைத் தள்ளிவிடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும் என்பது எனக்குப் பழக்கம்.

முதல் ஆட்சேபணை. கேஸடியா மெக்ஸிகோ நாட்டுப் பண்டம். ஸ்பானிஷ் மொழியில் 'கேஸோ' என்றால் சீஸ். 'டார்ட்டியா' என்ற மெல்லிய ரொட்டிக்குள் சீஸை வைத்து மடித்து, 'கோமால்' என்ற தட்டையான கல்லில் சுட்டெடுப்பார்கள். கோமால் நம் தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். மக்காச்சோளம் அந்த மண்ணின் தானியம். மாடு, பால், சீஸ், கோதுமை எல்லாம் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு அங்கே போனவை. நாட்டின் மத்தியிலும் தெற்கிலும் மக்காச்சோள டார்ட்டியா. வடக்கே கோதுமை டார்ட்டியா. தலைநகரமான மெக்ஸிகோ நகரத்தில் கேஸடியா கேட்டால், "சீஸ் போட்டா, போடாமலா?" என்று கடைக்காரர் கேட்பது உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்நாட்டின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், ராஜ்மா எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தவை. சிராத்தச் சமையலில் மட்டும் இன்றும் மிளகாயை விட்டு மிளகு சேர்க்கிறோம். மற்ற நாட்களில் மிளகாய் இல்லாமல் நம் சமையல் ஏது? ஆகவே மெக்ஸிகோ நம் சமையலறைக்குள் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது.

இங்கே ஒரு பாடமும் இருக்கிறது. மெக்ஸிகோ பாட்டிமார்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவிப் பிறகுதான் அரைப்பார்கள். தோல் கழன்று வரும், மாவு ஒட்டும் பதம் பெறும், தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாஸின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளுக்கு இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று ஜோசப் கோல்ட்பர்கர் 1914 முதல் ஆராய்ந்து காட்டினார். குறைந்தது நியாஸின் என்பதற்கு வழி காட்டியது 1937-ல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆராய்ச்சி. பண்டத்தை ஏற்றுக்கொண்டால் அதன் காரணங்களையும் கேட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பாடம்.

இரண்டாவது ஆட்சேபணை மிகவும் நியாயமானது. பாலைச் சீஸாகத் திரிய வைக்கும் ரென்னட் என்ற பொருள், பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இன்று நுண்ணுயிர்களிடமிருந்து பெறும் ரென்னட் தாராளமாகப் புழக்கத்தில் உள்ளது. ஆகவே உறையில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீஸ் என்றால் எல்லாம் பால்தானே என்று இருந்துவிடக் கூடாது. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்றின் ரென்னட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் பிள்ளை, பெண் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: அங்கே சில கோதுமை டார்ட்டியாக்களிலும், மசித்த பீன்ஸிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. கேட்காமல் சாப்பிட வேண்டாம். கேட்பதில் வெட்கமும் வேண்டாம்.

மூன்றாவது, எச்சில். நம் முன்னோர்களுக்கு பாக்டீரியா தெரியும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆசாரத்துக்கு இன்று ஒரு விஞ்ஞானக் காரணமும் சொல்ல முடியும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை கடித்த துண்டை மறுபடியும் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் தோய்த்தால், வாயிலுள்ள பாக்டீரியா கிண்ணத்துக்குப் போவதை அளந்து காட்டினார்கள். நீர்த்த தக்காளி சல்ஸாவில், தோய்த்தவுடன் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. கடித்த துண்டிலிருந்து அது திரும்பவும் கிண்ணத்திலேயே சொட்டுவதுதான் காரணம். தட்டு பொதுவாக இருக்கட்டும். கிண்ணம் பொதுவாக இருக்க வேண்டாம். சல்ஸாவை நடுவில் வைத்து ஒரு கரண்டி போடுங்கள். அவரவர் தட்டில் ஊற்றிக்கொண்டு தோய்க்கட்டும். "எச்சில், தொடாதே" என்று அதட்டினால் பேரன் முகம் சுளிப்பான். இந்த ஆய்வைச் சொன்னால் நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்வான்.

இனி செய்முறை. நான் சொல்லும் வளையம் மெக்ஸிகோவின் பழைய முறை அல்ல. அமெரிக்க வீட்டு விருந்துகளில் பரவிய வடிவம். எட்டு முதல் பத்துப் பேருக்கு அளவு தருகிறேன்.

சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள கோதுமை அல்லது மைதா டார்ட்டியா 12. கிடைக்காவிட்டால் அரை வேக்காட்டில் எடுத்த மெல்லிய சப்பாத்தி போதும். மக்காச்சோள ரொட்டி வேண்டாம். அந்த மாவில் கோதுமையின் இழுவை கிடையாது, சுண்ணாம்பு நீர் கண்டதும் இல்லை. சுருட்டினால் விண்டு போகும். ராஜ்மா 100 கிராம், வேகவைத்த ஸ்வீட் கார்ன் 100 கிராம், பெரிய குடைமிளகாய் 1, மொஸரெல்லா 200 கிராம், ப்ராஸஸ்டு சீஸ் 100 கிராம், சீரகத் தூள், மிளகாய்த் தூள், எலுமிச்சம்பழம், கொத்துமல்லி. வெங்காயம், பூண்டு சேர்ப்பது அவரவர் வீட்டு வழக்கம். இல்லாமலும் ருசி குறையாது.

ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். வெந்ததை வடித்து, பாதி மசித்து, பொடியாக நறுக்கிய குடைமிளகாய், கார்ன், பொடிகள், அளவாக உப்பு சேர்த்து வாணலியில் ஈரம் போக வதக்குங்கள். இந்தப் பண்டத்தின் உயிர்நாடியே இந்த ஈரம் போவதுதான். ஈரம் இருந்தால் சூட்டில் அது ஆவியாகி ரொட்டியை நனைத்துவிடும், மொறுமொறுப்பு வராது. ஆறியபின் துருவிய சீஸில் 200 கிராமைக் கலந்து கொள்ளுங்கள்.

சீஸுக்குப் பதில் பனீர் போதாதா என்று மாமிகள் கேட்பார்கள். போதாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்த பனீர், சூட்டில் உருகாது, வறுபடும். ரென்னட்டால் திரிந்த மொஸரெல்லாவில் புரதமும் கால்சியமும் தளர்வாகப் பிணைந்திருப்பதால் இழுபட்டு உருகும். கூம்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதும் அதுதான். பனீர் வேண்டுமானால் கொஞ்சம் உதிர்த்து உள்ளே சேர்க்கலாம்.

ஒவ்வொரு டார்ட்டியாவையும் லேசாகச் சூடாக்கி, பாதியாக வெட்டுங்கள். 24 அரைவட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு மேஜைக்கரண்டி பூரணம் பரப்பி, கடலை மடிக்கிற பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டுங்கள். எண்ணெய் தடவிய வட்டத் தட்டின் நடுவில் ஒரு காபி டபராவைக் கவிழ்த்து வையுங்கள். அதைச் சுற்றி, கூரிய முனை உள்பக்கம் இருக்கும்படி 14 கூம்புகள். மேலே மீதி சீஸில் பாதியைத் தூவி, இரண்டாவது வரிசையாக 10 கூம்புகள். அதன்மேல் மிச்ச சீஸ். பிறகு டபராவை எடுத்துவிடுங்கள்.

ஓ.டி.ஜி. அடுப்பில் மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு, 190 டிகிரி செல்ஷியஸில் பத்து நிமிஷம் முன்கூட்டியே சூடாக்குங்கள். நடுத் தட்டில் வைத்து 15 முதல் 18 நிமிஷம். சீஸ் உருகி, ஓரங்கள் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். நான்கு நிமிஷம் ஆறவிட்டு, நடுக் குழியில் சல்ஸாக் கிண்ணத்தை வையுங்கள். பொடியாக நறுக்கிய தக்காளி, பச்சை மிளகாய், கொத்துமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு இவ்வளவுதான் சல்ஸா. ஒவ்வொருவரும் ஒரு கூம்பை உருவி எடுத்துக் கொள்ளலாம். கத்தி, முள்கரண்டி எதுவும் தேவையில்லை.

ஒரு கூம்பில் 12 கிராமுக்குச் சற்று மேல் சீஸ் இருக்கிறது. சீஸில், குறிப்பாக ப்ராஸஸ்டு சீஸில், உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ள என் வயதுக்காரர்கள் இரண்டு கூம்போடு நிறுத்திக் கொள்வது நல்லது.

கடைசியாக, யாருமே எழுப்பாத நான்காவது ஆட்சேபணை ஒன்று உண்டு. அதை நானே எழுப்புகிறேன். நம் வீட்டு விருந்துகளில் தோசையோ பஜ்ஜியோ சூடாக வந்துகொண்டே இருக்கும். அதைப் போடுகிற மாமி மட்டும் கடைசியில் ஆறிப்போனதைத் தனியாகச் சாப்பிடுவாள். இதை உபசாரம் என்று நாம் பல காலமாகப் பாராட்டி வருகிறோம். கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டால் கேஸடியாவிலும் அதே கதைதான். வளையமாக அடுக்கினால், காலையிலேயே செய்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். விருந்தினர் வந்தபின் அடுப்பில் வைத்தால் 24 கூம்புகளும் ஒரே நேரத்தில் தயார். குளிர்ந்து இருப்பதால் இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் வீட்டு மாமியும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஆகவே என் சிபாரிசு இதுதான். வரும் பிறந்த நாளுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். ராஜ்மா ஊறவைப்பது பாட்டி. உறையைப் படித்துப் பச்சை வட்டம் பார்ப்பது தாத்தா. நமக்குப் பொடி எழுத்து படிப்பது சர்வீஸில் பழகியதுதான். கூம்பு சுருட்டுவது குழந்தைகள். அடுப்பைக் கவனிப்பது வீட்டு ஆண்கள். நம் விதிகளில் ஒன்றைக்கூட விட வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும். உள்ளறையில் தனிப் பந்தி வேண்டாம். எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்காருங்கள்.