நெய்வேலிக் களியும் உப்பனாற்று நீரும்



அடுக்குப் பொருள் என்றாலே இப்போது கிராஃபீன்தான் நினைவுக்கு வருகிறது. 2004இல் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தார்கள்; 2010இல் நோபல் பரிசும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் இந்தக் கருத்தரங்குக்காகச் சிதம்பரத்தில் கூடியிருக்கும் நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்ட வேண்டுமானால் முதலில் கடலூர் மணற்கல்லையும் அதனோடு கிடக்கும் வெண்களியையும் வெட்டி அகற்ற வேண்டும். 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் குவித்த மேல்மண் இன்று குன்றுகளாக நிற்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கு இந்தக் களியும் ஒரு காரணம்.

வெண்களியில் உள்ள கயோலினைட் என்ற கனிமம், அப்பளக் கட்டைப் போல 0.7 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கியது. தகடுகள் இறுகப் பிணைந்திருப்பதால் நீரில் உப்பாது. அயனிகளை மாற்றிக்கொள்ளும் திறனும் குறைவு. அதனால் பலர் இதை ஒதுக்கிவிட்டு மாண்ட்மாரில்லோனைட் என்ற வேறு களியை விலைக்கு வாங்குகிறார்கள். 600 டிகிரி அளவில் சுட்டு, காஸ்டிக் சோடாவோடு வினைபுரிய விட்டால், இதே வெண்களி அயனிகளை நன்கு மாற்றிக்கொள்ளும் ஜியோலைட்டாகிவிடும் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். களிமண்ணை வினையூக்கியாகப் பயன்படுத்துவதும் புதிய சங்கதி அல்ல. 1930களில் பொறியாளர் ஹூட்ரி பெட்ரோலிய எண்ணெயைச் சிதைக்கப் பயன்படுத்தியது அமிலத்தில் பதப்படுத்திய களியைத்தான்.

இனி, களியால் நீரின் சாயத்தை நீக்குவது பற்றிக் கொஞ்சம் கசப்பான பேச்சு. காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் புளூ சாயத்தைக் கரைத்து, களியைப் போட்டு, நிறம் போனது என்று வரைபடம் காட்டும் கட்டுரைகள் போதும். மெத்திலீன் புளூ நேர்மின் அயனி. களித் தகடு எதிர்மின் கொண்டது. ஒட்டாமல் இருந்தால்தான் வியப்பு! நிறம் போனதாலேயே சாயம் சிதைந்துவிட்டது என்றும் ஆகாது. களியில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். கரைசலில் எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனையும், களியில் ஏறிய சாயத்தையும் அளந்த பிறகே வினையூக்கம் என்ற சொல்லை எடுங்கள்.

காய்ச்சி வடித்த நீரை விட்டு வெளியே வாருங்கள்: கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள் உள்ளன. பக்கத்தில் ஓடும் உப்பனாறு மாசுபடுவதாக ஊரார் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். அந்த ஆற்றில் கடல் ஏற்றத்தின் உப்பும் உண்டு. களியில் சாயம் ஒட்டும் இடங்களுக்குச் சோடியம் அயனிகள் போட்டியிடும். துணிச்சாயங்கள் பலவும் எதிர்மின் கொண்டவை. அவற்றைக் களி விலக்கித் தள்ளும். அங்கே நேர்மின் தகடுகள் கொண்ட, ஹைட்ரோடால்சைட் போன்ற அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடுகள் கைகொடுக்கலாம். அவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு: கார்பனேட் மீது தீராத பற்று. நீரில் கரைந்த பைகார்பனேட்டும் காற்றின் கரியமில வாயுவும் நுழைந்துவிட்டால், சாயத்துக்கு இடம் கிடைக்காது. சுமார் 450 டிகிரியில் சுட்டு மீண்டும் நீரில் இட்டால் அடுக்கு திரும்பி வரும். ஆனால் எத்தனை சுற்றுக்குத் தாங்கும்?

சாயம் உறிஞ்சிய களியை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். நீரிலிருந்த நஞ்சை மண்ணுக்கு மாற்றினால் சுத்திகரித்ததாக ஆகாது.

ஆகவே, அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரிடமும் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஊர்க் களி, எந்த ஆற்று நீர், எத்தனையாவது சுற்று. உப்பனாற்று நீரில் தோற்றுப்போன முடிவு எவரிடமாவது இருந்தால், அவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.