எருசலேமைப் பார்த்து அழுதவர்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 33ஆம் வாரம், வியாழன். நற்செய்தி: லூக்கா 19:41-44)



இயேசு அழுதார் என்று நற்செய்தியில் நாம் வாசிக்கும் இடங்கள் மிகச் சில. நண்பர் இலாசரின் கல்லறைக்குச் செல்லும்போது அழுதார். இன்றைய நற்செய்தியிலோ ஒரு நகரத்தைப் பார்த்து அழுகிறார். ஒலிவ மலைச் சரிவில் இறங்கி வருகிறார். மக்கள் தங்கள் மேலுடைகளை வழியில் விரிக்கிறார்கள். அவரை அரசர் என்று வாழ்த்தி ஆர்ப்பரிக்கிறார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே எருசலேம் கண்ணில் படுகிறது. அவர் கண்கள் கலங்குகின்றன. அமைதிக்கான வழி எது என்று இந்த நகரம் அறிந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்.

அவர் அழுததை நினைவுகூர்ந்து ஒலிவ மலைச் சரிவில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 'ஆண்டவர் அழுதார்' என்பதே அதன் பெயர். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் கூரை கண்ணீர்த் துளியின் வடிவில் அமைந்துள்ளது. பீடத்தின் பின்னால் பெரிய சன்னல். அதன் வழியே பழைய எருசலேம் முழுவதும் தெரியும். பீடத்தின் முகப்பில் குஞ்சுகளைத் தன் சிறகுகளுக்குள் அணைத்துக்கொள்ளும் தாய்க்கோழியின் படம். புனித நாட்டுக்குப் போய்வந்த நம்மவர் பலர் அந்தச் சன்னலருகே நின்று படம் எடுத்திருப்பார்கள்.

அந்தச் சன்னல் வழியே தெரியும் நகரம் யாருக்குச் சொந்தம் என்று உலகம் மீண்டும் மீண்டும் கை தூக்கி வாக்களித்து வருகிறது. அந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

1947இல் ஐக்கிய நாடுகள் அவை பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் திட்டத்தை ஏற்றபோது, எருசலேம் எந்த நாட்டுக்கும் உரியதாக இல்லாமல் பன்னாட்டுப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. 1948 போரில் நகரம் இரண்டானது; மேற்குப் பகுதி இஸ்ரயேலிடமும் கிழக்குப் பகுதி ஜோர்டானிடமும் போயின. 1967 போரில் கிழக்கையும் இஸ்ரயேல் கைப்பற்றியது. 1980இல் முழு நகரமும் தன் தலைநகரம் என்று இஸ்ரயேல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது செல்லாது என்று பாதுகாப்பு அவை அறிவித்தது.

1995 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நட்பு நாடான இஸ்ரயேலின் தலைநகராக எருசலேமை ஏற்க வேண்டும், டெல் அவிவில் உள்ள தூதரகத்தை 1999 மே மாதத்துக்குள் அங்கே மாற்ற வேண்டும் என்றது அந்தச் சட்டம். மேலவையில் 93 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. கீழவையில் 374 பேர் ஆதரவு, 37 பேர் எதிர்ப்பு. ஆனால் தூதரகம் அசையவில்லை. தள்ளிவைக்க அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. எனவே ஒருவர்பின் ஒருவராக வந்த குடியரசுத் தலைவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்திட்டுத் தள்ளிவைத்தார்கள். ஆதரவு தெரிவித்தாயிற்று, பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. ஏறக்குறைய 22 ஆண்டுகள் இப்படியே போயின. 2017 ஜூனில், 1967 போரின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அமெரிக்க மேலவை மீண்டும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 90 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒருவரும் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் எருசலேமை இஸ்ரயேலின் தலைநகராக ஏற்பதாக அமெரிக்கா அறிவித்தது. அன்று காலையில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் தம் புதன் மறைக்கல்வி உரையின் முடிவில், அந்த நகரின் இப்போதைய நிலையை எல்லாரும் மதிக்க வேண்டும் என்று வேண்டியிருந்தார். டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுப்பேரவையில் 128 நாடுகள் அந்த அறிவிப்பை ஏற்க மறுத்து வாக்களித்தன; அவற்றுள் நம் இந்தியாவும் ஒன்று. 9 நாடுகள் எதிர்த்தன; 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. 2018 மே 14 அன்று எருசலேமில் தூதரகம் திறக்கப்பட்டது. விழாவில் கைதட்டல். அதே நாளில் காசா எல்லையில் ஏறக்குறைய 60 பாலஸ்தீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அன்பர்களே, நாவலூரில் இருக்கும் நமக்கும் அந்தத் தூரத்து நகரத்துக்கும் என்ன தொடர்பு?

அந்த டிசம்பரில் நம் கைப்பேசிகளுக்கு வந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 'இறைவாக்கு நிறைவேறிவிட்டது, அல்லேலூயா' என்று சில செய்திகள். யூத மக்கள் மேல் வெறுப்பைக் கொட்டும் செய்திகள் சில. நாம் இரண்டையுமே முழுதாகப் படிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பினோம். ஞாயிறன்று ஒரே பலகையில் அமர்ந்து ஒரே நற்கருணையை உட்கொள்ளும் நாம், அன்பியக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் அமர்ந்தோம். நாமும் கை தூக்கி வாக்களித்தவர்கள்தாம்.

நம் ஊர் அனுபவம் ஒன்று. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதியில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழுந்தபோது, நிலத்தின் விலையும் எழுந்தது. கூடப் பிறந்த அண்ணன் தம்பி, பட்டாவுக்காக நீதிமன்றம் ஏறிய கதை நம் தெருக்களில் உண்டு. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு 'வீடு அண்ணனுக்குத்தான்' என்று தீர்ப்புச் சொல்வது எளிது. சொன்னவருக்குச் செலவு ஒன்றுமில்லை. தம்பி பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் நின்றாலும், அண்ணன் வீட்டில் அடுப்பு அணைந்தாலும், திண்ணையில் இருந்தவர் இரவு நிம்மதியாகத் தூங்குவார். இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடப்பவர், இருவருக்காகவும் அழுபவர், அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய்தான்.

எருசலேம் யூதருக்கு உயிர். கி.பி. 70இல் உரோமைப் படை கோவிலை இடித்துப்போட்ட பின்னும், எங்கெங்கோ சிதறி வாழ்ந்தபோதும் அந்தத் திசை நோக்கியே அவர்கள் செபித்தார்கள். இசுலாமியருக்கு அது புனித நகரம். நமக்கோ ஆண்டவர் பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்த இடம். இவர்களுள் யாருடைய அன்பையும் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. யூத மக்கள்மீது காட்டப்படும் வெறுப்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகக் கண்டித்தது. அதே திரு அவை, மூன்று சமயத்தாருக்கும் உரிய இந்நகருக்குப் பன்னாட்டு உறுதிப்பாட்டுடன் ஒரு சிறப்பு நிலை வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுவருகிறது. விவிலியத்தை வைத்துக்கொண்டு இன்றைய நாடுகளின் எல்லைக் கோடுகளை நாம் வரைய முடியாது.

பிறருக்குத் தீர்ப்புச் சொல்லுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். திருக்கல்லறை ஆலயத்தில் ஆறு கிறிஸ்தவச் சபைகள் வழிபடுகின்றன. அதன் வாசலுக்கு மேலே, சன்னல் அருகில், ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டிலிருந்தே நிற்கிறது. எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்ளாமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஓர் ஏணியை எடுத்து வைக்க நம்மால் முடியவில்லை! அந்த ஆலயக் கதவின் சாவியையும் கதவைத் திறந்து மூடும் பணியையும் பல நூற்றாண்டுகளாகக் காத்துவருபவை இரண்டு இசுலாமியக் குடும்பங்கள். உயிர்த்த ஆண்டவரின் கல்லறைக்குள் நாம் நுழைய, அயலார் ஒருவர் தினமும் விடியற்காலையில் கதவு திறக்கிறார். அமைதிக்கான வழி என்று ஆண்டவர் சொன்னதில் இதுவும் ஒன்று அல்லவா?

2011ஆம் ஆண்டு நம் தமிழக அரசு எருசலேம் புனிதப் பயணத்துக்கு நிதியுதவி அறிவித்தது. அதன் பயனாக எளிய குடும்பத்தினரும் அந்த மண்ணை மிதித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் போகும் நாம் பெரும்பாலும் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அங்கே வாழும் கிறிஸ்தவர்களைச் சந்தித்தோமா? இன்று எருசலேமில் நூறு பேரில் இரண்டு பேர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. வேலையின்றி, அச்சத்தில், பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி ஊரைவிட்டுப் போகிறார்கள். ஆலயங்கள் நிற்கும்; செபிக்க ஆள் இருக்க வேண்டுமே!

நமக்கு நம்பிக்கை வந்தது அந்த நகரத்திலிருந்துதான். உயிர்த்தவரின் காயங்களைக் காட்டினாலொழிய நம்பமாட்டேன் என்று தோமையார் சொன்னது எருசலேமில், பூட்டிய கதவுகளுக்குள். அவர்தாம் நம் கரைக்கு வந்து, நமக்கு அருகிலேயே உள்ள பரங்கிமலையில் இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோர் காத்த மரபு. காயத்தைத் தொட்டு நம்பியவரின் பிள்ளைகள் நாம். எருசலேமின் காயத்தைப் பார்க்காமல் எருசலேமைக் கொண்டாட நம்மால் எப்படி முடியும்?

எனவே இந்த வாரம் மூன்று செயல்களை மேற்கொள்வோம். முதலாவது, அந்த நகரத்தைப் பற்றி வெறுப்பு கலந்த எந்தச் செய்தி வந்தாலும் அது நம் கைப்பேசியோடு நிற்கட்டும். இரண்டாவது, பெரிய வெள்ளியன்று புனித நாட்டுக்காக நாம் எடுக்கும் காணிக்கையைச் சடங்காகப் போடாமல், அங்கே ஒரு பிள்ளையின் பள்ளிக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கும் உதவுவதாக எண்ணிப் போடுவோம். மூன்றாவது, இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை எருசலேமின் யூதருக்காகவும், இசுலாமியருக்காகவும், கிறிஸ்தவருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். மூவரையும் சேர்த்தே சொல்வோம்; ஒருவரை விட்டுவிட்டால் அது ஆண்டவரின் கண்ணீரோடு சேராது.

மன்றாடுவோம். எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவரே, கை தூக்குவதில் விரைவும் கண்ணீர் சிந்துவதில் தாமதமும் உள்ள எங்களை மன்னியும். தாய்க்கோழி தன் குஞ்சுகளை அணைப்பதுபோல் அந்த நகரத்தின் எல்லாப் பிள்ளைகளையும் அணைத்துக்கொள்ளும். எங்கள் வீடுகளில் பிரிந்து நிற்கும் உடன்பிறப்புகளையும் ஒன்றுசேர்த்தருளும். ஆமென்.