பாடு இல்லாதவர்களும் முடக்கப்படும் பதிவுகளும்

(பழவேற்காட்டில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஏரியில் பாடு உள்ளவர்கள், பாடு இல்லாதவர்கள் என்று இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறோம். பட்டினவர் கிராமங்களுக்கு முறைவைத்து வலைபோட இடம் உண்டு, அதைக் காக்க ஊர்ப் பஞ்சாயத்தும் உண்டு. இருளர் பெண்களோ பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் தடவுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வேண்டுமென்றால் பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். மனு எழுதித் தந்து கூடவே வருபவர் பல நேரம் ஒரு தொண்டு நிறுவன ஊழியர். கொத்தடிமைகளை மீட்கச் சொல்லிப் புகார் கொடுப்பவரும் அவரே.

அவருடைய சம்பளம் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து வந்தால், ஒரே உத்தரவில் அதை நிறுத்திவிடலாம். எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி உள்துறை அமைச்சகம் பதிவை 180 நாள் நிறுத்திவைக்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். ரத்து செய்வதென்றால் விளக்கம் கேட்டாக வேண்டும். நிறுத்திவைக்க அந்தக் கட்டாயம் சட்டத்தில் இல்லை. கையிருப்பில்கூட 25 சதவீதம் வரைதான், அதுவும் அனுமதி வாங்கித்தான் செலவிட முடியும். குற்றம் நிரூபணமாகும் முன்பே ஒரு வருடம் போய்விடும். ஊழியர் வேறு வேலைக்குப் போய்விடுவார். (இந்தச் சட்டத்தின் முதல் வடிவம் வந்தது 1976-இல், நெருக்கடி நிலையில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான்!)

மதுரையில் மக்கள் கண்காணிப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு 2012-இல் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்காடித் தாக்குப்பிடித்தார்கள். 2016-இல் புதுப்பிக்கவே மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குஜராத்தின் நவசர்ஜன் பதிவு ரத்தானது. மார்ட்டின் மக்வான் தொடங்கிய தலித் அமைப்பு அது. 1,589 கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுத்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. ரத்துக்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: சாதிகள், சமூகங்களுக்கு இடையிலான நல்லிணக்கத்துக்குப் பாதகமாம். தீண்டாமை செய்பவனால் கெடாத நல்லிணக்கம், அதைக் கணக்கெடுத்தவரால் கெட்டுவிட்டது.

“என்.ஜி.ஓ.க்களுக்கு வக்காலத்தா?” என்று கேட்பீர்கள். இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பல தொண்டு நிறுவனங்கள் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டுதான் நிவாரணம் கொடுத்தன. பஞ்சாயத்தில் இடமில்லாத தலித்துகளும் இருளரும் பல இடங்களில் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணக்கு கேட்கட்டும், தணிக்கை செய்யட்டும், திருடியவரைத் தண்டிக்கட்டும். ஆனால் விசாரணை முடியும்வரை மனு எழுதும் கையைக் கட்டிப்போட்டால், அந்த ஒரு வருடம் யாருக்கு லாபம்? பள்ளிக்கூடத்தில் சான்று கேட்டு நிற்கும் பிள்ளைக்கா, ஆலை முதலாளிக்கா?

நிறுவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனு எழுத நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பழகுவோம். குடும்ப அட்டை நகல் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.