தோட்டத்தில் நான்கு ஞாயிறுகள்

(டிரஸ்ட்டின் மாதக் கூட்டத்தில் செயலாளர் நிகழ்த்திய உரை)

 

சென்ற மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நம் வாலிபர்கள் பதினான்கு பேருடன் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய் வந்தோம். டிரஸ்ட் எதற்குத் தக்காளி பறிக்கப் போகிறது என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

ஒட்டன்சத்திரம் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய்கறி போகிறது. ஆனால் தக்காளி விலை விழுந்துவிட்டால், ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் பணம் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே காணாது. விவசாயி பறிக்காமல் விட்டுவிடுகிறார். பழம் செடியிலேயே அழுகுகிறது. இங்கே நாம் மாதந்தோறும் அரிசி கொடுக்கும் குடும்பங்களோ காய் வாங்கக் கணக்குப் பார்க்கின்றன. அந்தப் பழத்தை இந்த வீடுகளுக்குக் கொண்டுவரத்தான் போனோம்.

போவதற்கு முன் நிர்வாகக் குழுவில் ஒரு விஷயம் நீண்ட நேரம் பேசப்பட்டது. நாம் கூலியில்லாமல் பறித்தால், பறிகூலியை நம்பியிருக்கும் பெண்களின் வயிற்றில் அடித்ததாகாதா? ஆகவே விவசாயி கைவிட்ட வயலில் மட்டும் இறங்குவது, பழத்துக்கு அன்றைய சந்தை விலையைக் கொடுத்துவிடுவது, வேலை கற்றுக்கொடுக்க அந்தப் பெண்களில் இருவரையே அழைத்து முழுநாள் கூலி கொடுப்பது என்று முடிவாயிற்று. செலவு கூடுகிறதே என்றார் ஓர் உறுப்பினர். கூடட்டும். தர்மத்தின் பெயரால் ஏழையின் கூலியைக் குறைக்க நமக்கு அனுமதி இல்லை.

காய்கறி வந்து சேர்ந்தது, வீடுகளுக்கும் போனது. ஆனால் வேனில் திரும்பும்போது பிள்ளைகள் தக்காளியைப் பற்றிப் பேசவில்லை. பார்த்த ஆட்களைப் பற்றியே பேசினார்கள்.

வந்த இருவரில் மூத்தவர் அறுபதைத் தாண்டிய அம்மா. புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. கல்லூரி முடித்த நம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அவர் வேலை வாங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! "தம்பி, தூரத்துக்கு அனுப்புறதுன்னா செங்காயா எடுக்கணும். நீங்க இன்னைக்கே கொடுக்கப்போறீங்க, பழமாவே எடுங்க." பக்கத்து வெண்டைப் பாத்தியையும் காட்டினார். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் வெண்டை முற்றிப்போகும். வெறுங்கையால் பறித்தால் சுணை அரிக்கும். பத்து மணிக்கெல்லாம் நம்மவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அந்த அம்மா நிமிரவே இல்லை. மூன்று பெண்மக்களை இந்த வேலையிலேயே கட்டிக்கொடுத்தாராம்.

சொட்டுநீர்க் குழாய்களைக் கவனிப்பவர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். தமிழ் அரைகுறை. நம் குழுவில் பதினோரு வருடம் சவூதியில் டிரைவராக இருந்து திரும்பிய சகோதரர் ஒருவர், அங்கே பழகிய இந்தியில் பேச்சுக் கொடுத்தார். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம், இரவானால் போனில் குழந்தையின் முகம், தீராத கல்யாணக் கடன். "இவருக்கு ஒட்டன்சத்திரம்தான் சவூதி" என்றார் சகோதரர். அடுத்த வாரம் அந்த இளைஞர், ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த கடலை மாவில் உப்பும் எலுமிச்சையும் கலந்து, கரைத்து எல்லோருக்கும் கொடுத்தார். வெயிலுக்கு நன்றாகவே இருந்தது.

மைனா கொத்திய பழங்களை ஒதுக்கியபோது, விதைத்ததில் பறவை தின்பதும் தர்மமே என்ற கருத்துள்ள நபிமொழியை மதரஸா மாணவர் ஒருவர் எடுத்துச் சொன்னார். தோட்டக்காரர் சிரித்தார். "அப்படின்னா எனக்குப் பெரிய கணக்கு இருக்கு பாய்."

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. 1971இல் லண்டனில் ஓர் அலுவலகச் செக்ரட்டரியாக இருந்த சூ கோப்பர்ட் என்ற பெண்மணி, நகரத்தார் வாரக் கடைசியில் பண்ணைக்குப் போய் வேலை செய்து, உண்டு, தங்கி வர ஏற்பாடு செய்தார். முதல் தடவை போனவர்கள் நால்வர்தான். இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில், இந்தியாவிலும் அது நடக்கிறது. நாம் பதினான்கு பேரோடு தொடங்கியிருக்கிறோம்.

வரும் ஞாயிறும் வேன் போகிறது. சுப்ஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலிலிருந்து புறப்படும். முழுக்கைச் சட்டை அவசியம். நாங்களும் வரலாமா என்று பெண்பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். உடன்வரத் தாய்மார்கள் இருவர் முன்வந்தால் தனி வேன் ஏற்பாடு செய்கிறோம். பெயர்களை இன்றே அலுவலகத்தில் கொடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.